மேக் -ஜே8 போட்டால் மட்டும் உடையும் பில்ட்: சிக்வினில் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் மூன்று பேர், தோல் அளக்கும் இயந்திரம் தரும் அளவை வாங்கி ரசீது போடும் மென்பொருள் எழுதுகிறோம். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று தோல் பதனிடும் ஊர்களில்தான் எங்களுக்கு வேலை. அங்கே கணினி என்றால் விண்டோஸ்தான். எங்கள் நிரலோ லினக்ஸில் பிறந்தது. அதை விண்டோஸில் பில்ட் செய்ய, அதாவது மூல நிரலிலிருந்து ஓடும் நிரலை உருவாக்க, எட்டு வருடமாகச் சிக்வினை நம்பியிருக்கிறோம். பில்டை நடத்துவது மேக் என்ற கருவி. ‘-ஜே8’ என்றால் எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டு என்று அதற்குச் சொல்வது.

இதில் உள்ளதையெல்லாம் முதலில் ஃபோனில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். குடியாத்தத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தம்பி ஒரு நாள் கூப்பிட்டு, "இன்னாண்ணா இது, காலைல ஓட்டினா முடியுது, மத்தியானம் ஓட்டினா விழுது, கோடு ஒரு எழுத்துகூட மாத்தல" என்றார். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதையே ஒழுங்காக எழுதி வைத்தால் மற்றவர்களுக்கும் உதவுமே என்று தோன்றியது. கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஃபோனில் சொன்னது போலவே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

சிக்வின் என்பது 1995-இல் சிக்னஸ் நிறுவனத்தில் தொடங்கிய திட்டம். விண்டோஸ் மேல் ஒரு டிஎல்எல் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகக் கோப்பு) உட்கார்ந்துகொண்டு, யூனிக்ஸ் நிரல்கள் எதிர்பார்க்கும் வசதிகளைத் தருகிறது. எம்சிஸ்2 அதிலிருந்து கிளைத்தது. அதனால் கீழே உள்ளதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 வேறு வகை. அதில் ஓடுவது உண்மையான லினக்ஸ் கெர்னல், ஃபோர்க் (ஒரு நிரல் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்குவது) பற்றி நான் சொல்வது அங்கே பொருந்தாது.

முதலில் இதைச் செய்யுங்கள்

‘மேக் கிளீன்’ கொடுத்துப் பழைய பில்ட் கோப்புகளை அழித்துவிட்டு, ‘மேக் -ஜே1’ (ஒரு நேரத்தில் ஒரே வேலை) ஓட்டுங்கள். அதுவே விழுந்தால் இணையாக ஓட்டுவதற்கும் பிழைக்கும் தொடர்பில்லை, சாதாரணப் பிழைதான். அது முடிந்தால் மறுபடி கிளீன் செய்து, ‘மேக் -ஜே8 -ஓ’ என்று மூன்று முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் வெளியீட்டைத் தனிக் கோப்பில் சேமியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே கிளீன் கட்டாயம். அந்தப் பெரிய ‘ஓ’ க்னூ மேக் 4.0-இல் வந்தது. எட்டு வேலைகளின் வெளியீடும் ஒன்றோடொன்று கலக்காமல், ஒவ்வொரு இலக்குக்கும் (உருவாக்க வேண்டிய கோப்புக்கும்) தனித்தனியாக வரும்.

பதிவைப் படிக்கும்போது கடைசி வரியைப் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஒரு வேலை விழுந்ததும் மேக் ‘வெயிட்டிங் ஃபார் அன்ஃபினிஷ்ட் ஜாப்ஸ்’ என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மற்ற வேலைகள் முடியக் காத்திருக்கும். அதற்குள் நூறு வரி ஓடிவிடும். மூன்று நட்சத்திரக் குறி முதன்முதலில் எங்கே வருகிறதோ அங்கே போய், அதற்கு மேலே உள்ள பத்து வரிகளைப் படியுங்கள். எனக்கு வரும் ஸ்கிரீன்ஷாட்டுகளில் பாதி, பிழைக்குச் சம்பந்தமே இல்லாத கடைசி வரிகள்தான்.

இப்போது மூன்று பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். செய்தியில் ‘ஃபோர்க்’ என்ற சொல் இருக்கிறதா? ‘பெர்மிஷன் டினைட்’ இருக்கிறதா? ஒரு கோப்பு இல்லை என்கிறதா? செய்தியே இல்லாமல் நின்றுவிட்டதா? அதைப் பொறுத்துக் கீழே போங்கள்.

‘ஃபோர்க்: ரிசோர்ஸ் டெம்பரரிலி அனவைலபிள்’ அல்லது ‘ஃபோர்க்ட் பிராசஸ் டைட் அனெக்ஸ்பெக்டட்லி’

இது சிக்வினுக்கே உரிய நோய். லினக்ஸில் ஃபோர்க் என்றால் கெர்னல் நொடிப்பொழுதில் தாய் நிரலைப் போல ஒரு சேய் நிரலை உண்டாக்கிவிடும், நினைவகத்தை உடனே நகலெடுக்காது. விண்டோஸில் அப்படி ஒரு வசதி இல்லை. சிக்வின் புதிதாக ஒரு நிரலைத் தொடங்கி, அதை நிறுத்தி வைத்து, தாயின் தரவு, ஹீப், ஸ்டாக் எல்லாவற்றையும் அதற்குள் நகலெடுக்கிறது. இதில் ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. தாயில் எந்த டிஎல்எல் எந்த முகவரியில் ஏறியிருந்ததோ, சேயிலும் அதே முகவரியில் ஏற வேண்டும். அந்த இடத்தை வேறொன்று பிடித்துக்கொண்டால் ஃபோர்க் தோற்கும். ‘லோடட் டு டிஃபரன்ட் அட்ரஸ்’ என்று செய்தி வந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான்.

-ஜே1-இலும் இது நடக்கலாம். ஆனால் ஒரு பில்டில் ஷெல், செட், கிரெப், ஜிசிசி என்று ஆயிரக்கணக்கான ஃபோர்க் நடக்கிறது. எட்டு வேலை ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றாவது மாட்டும்.

செய்ய வேண்டியது: சிக்வின் சன்னல்கள், சர்வீஸ்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். விண்டோஸின் சொந்த கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, சிக்வினின் பின் ஃபோல்டருக்குள் போய், ‘டேஷ் -சி’ என்று போட்டு மேற்கோளுக்குள் ‘/பின்/ரீபேஸ்ஆல்’ என்று கொடுங்கள். இது டிஎல்எல்களுக்கு ஒன்றோடொன்று மோதாத முகவரிகளை ஒதுக்கும். பாஷ் திறந்திருக்கும்போது ஓட்டினால் பயனில்லை, பாஷே அந்த டிஎல்எல்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். முடிந்த பிறகு ‘ரீபேஸ் -எஸ்ஐ’ ஓட்டிப் பாருங்கள். முகவரி மோதும் டிஎல்எல்களின் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். உங்கள் பில்டே புதிதாக டிஎல்எல் உண்டாக்கி, பாதியில் பெர்ல் அல்லது பைத்தான் அதை ஏற்றினால், ரீபேஸ்ஆலுக்கு அது தெரியாது. அவற்றை மட்டும் ‘ரீபேஸ் --ஆப்ளிவியஸ்’ கொடுத்துத் தனியாக நகர்த்துங்கள்.

இன்னும் 32 பிட் சிக்வின் வைத்திருந்தால் இந்த வழக்கை அங்கேயே முடித்துவிடுங்கள். அதில் முகவரி இடம் குறுகலானது, மோதல் அடிக்கடி வரும். 2022 டிசம்பரில் வந்த 3.4 பதிப்போடு 32 பிட் ஆதரவு நின்றுவிட்டது. 64 பிட்டுக்கு மாறுங்கள்.

ரீபேஸ் செய்தும் நிற்கவில்லையா? அப்போது வெளியாள் யாரோ உள்ளே நுழைகிறார். சில ஆன்ட்டி வைரஸ், திரையைப் பதிவு செய்யும் நிரல், அலுவலகக் கண்காணிப்பு நிரல் போன்றவை ஓடும் ஒவ்வொரு நிரலுக்குள்ளும் தங்கள் டிஎல்எல்லைச் செருகும். அது எந்த முகவரியில் போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. குடியாத்தத்துத் தம்பியின் காலை-மதியப் புதிரில் பாதி இதுதான். மதியம் 1 மணிக்கு அவர் கணினியில் ஸ்கேன் தொடங்கும்படி நேரம் குறிக்கப்பட்டிருந்தது. ஸ்கேன் நேரத்தை இரவுக்கு மாற்றினோம், பில்ட் ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கொடுத்தோம். ஆன்ட்டி வைரஸையே கழற்றச் சொல்ல மாட்டேன். வாடிக்கையாளருக்குப் போகும் கோப்பு நம் கணினியில்தான் உருவாகிறது.

இன்னொரு வழக்கு கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. கையால் ஓட்டினால் -ஜே8 நன்றாக முடியும். அதே கணினியில் இரவு தானாக ஓடும் பில்ட் மட்டும் விழும், பதிவில் 0எக்ஸ்சி0000142 என்ற எண் இருக்கும். டிஎல்எல் தன்னைத் தொடங்கிக்கொள்ள முடியவில்லை என்பது அதன் பொருள். இரவு பில்ட் விண்டோஸ் சர்வீஸாக ஓடியது. சர்வீஸ்களுக்கு விண்டோஸ் தரும் டெஸ்க்டாப் ஹீப் (சன்னல் போன்றவற்றுக்கான நினைவகம்), நாம் உட்கார்ந்து வேலை செய்யும் அமர்வுக்குத் தருவதைவிட மிகச் சிறியது, வழக்கமாக 768 கிலோபைட். நிறைய நிரல்கள் ஒன்றாகத் திறந்தால் அது தீர்ந்துவிடும். நாங்கள் சர்வீஸை விட்டுவிட்டு, உள்நுழைந்த பயனரின் கீழ் ஓடும்படி மாற்றினோம். அன்றிலிருந்து தொல்லை இல்லை.

‘நோ சச் ஃபைல்’ அல்லது ‘நோ ரூல் டு மேக் டார்கெட்’, மறுபடி ஓட்டினால் முடிந்துவிடுகிறது

இந்த அறிகுறியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பாருங்கள். எல்லோரும் சிக்வினைத் திட்டுவது இங்கேதான். தவறு பெரும்பாலும் நம் மேக்ஃபைலில், அதாவது எதை எப்படி உருவாக்குவது என்று மேக்குக்கு எழுதித் தரும் கோப்பில், இருக்கிறது.

குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவர்கள் பாவு நூலைத் தறியில் ஏற்றாமல் ஊடை ஓட்டுவதில்லை. ஒரே ஆள் வேலை செய்தால் அந்த வரிசையை யாரும் எழுதி வைக்க வேண்டாம், கை தானாகச் செய்யும். எட்டுப் பேரை வேலைக்கு வைத்தால் எது முடிந்த பிறகு எது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். மேக்கும் அப்படித்தான். -ஜே1-இல் அது நீங்கள் எழுதிய வரிசையில், இடமிருந்து வலமாகப் போகிறது. அந்த வரிசை தற்செயலாகச் சரியாக இருந்தால் விடுபட்ட சார்பு (எது முடிந்த பிறகு எது என்ற குறிப்பு) ஒன்றும் வெளியே தெரியாது.

அப்படியானால் லினக்ஸில் -ஜே8 ஏன் விழவில்லை? அங்கே ஃபோர்க் மிக வேகம். தலைப்புக் கோப்பை (ஹெடர்) உண்டாக்கும் சின்ன ஸ்கிரிப்ட், கம்பைலர் அதைத் தேடுவதற்குள் முடிந்துவிடும். சிக்வினில் அந்த ஸ்கிரிப்டுக்குள் இருக்கும் பத்து ‘செட்’, ‘ஆக்’ அழைப்புகளும் ஒவ்வொன்றாக மெதுவாகத் தொடங்கும். அதற்குள் கம்பைலர் வந்து, கோப்பு இல்லை என்று சொல்லிவிடும். ஓட்டை அங்கேயும் இருந்தது. லினக்ஸின் வேகம் அதை மூடி வைத்திருந்தது. நாளை அதிக கோர் உள்ள லினக்ஸ் கணினியிலும் இது வெடிக்கும். அதனால்தான் -ஜே1 போட்டுச் சமாளித்துவிட்டு விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிச் சொல்கிறேன்.

மறுபடி ஓட்டினால் முடிவதற்கும் காரணம் இதுவே. முதல் ஓட்டத்தில் தாமதமாக வந்த கோப்பு, இரண்டாம் ஓட்டத்தில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

கண்டுபிடிக்க நல்ல கருவி ஒன்று இருக்கிறது. க்னூ மேக் 4.4-இல் வந்த ‘--ஷஃபிள்’. இது சார்புகளின் வரிசையைக் கலைத்து ஓட்டும். விழுந்தால் பிழை வரியிலேயே ‘ஷஃபிள்=’ என்று ஓர் எண் தரும். அதே எண்ணைக் கொடுத்து மறுபடி ஓட்டினால் அதே வரிசையில் ஓடும், நினைத்தபோது பிழையை வரவழைக்கலாம். ‘--ஷஃபிள்=ரிவர்ஸ்’ போட்டு -ஜே1-இல் ஓட்டினாலே பாதி ஓட்டைகள் வெளியே வந்துவிடும். உங்களிடம் எந்தப் பதிப்பு என்று ‘மேக் --வெர்ஷன்’ சொல்லும்.

நான் அதிகம் பார்த்த ஓட்டைகள் இவை.

தானாக உருவாகும் தலைப்புக் கோப்பு. ஜிசிசியின் ‘-எம்எம்டி’ சார்புகளைத் தானே எழுதித் தரும், ஆனால் முதல் கம்பைல் முடிந்த பிறகுதான். சுத்தமான ஃபோல்டரில் முதல் முறை அது கைகொடுக்காது. அப்படிப்பட்ட தலைப்புகளை எல்லா ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கும் வரிசைச் சார்பாக, அதாவது விதியில் செங்குத்துக் கோடு போட்டு அதன் வலப்பக்கத்தில் எழுதுங்கள். "இது முதலில் இருக்க வேண்டும், ஆனால் இதன் தேதி மாறியதற்காக என்னை மறுபடி கம்பைல் செய்யாதே" என்று அதற்குப் பொருள்.

ஃபோல்டர். ‘எம்கேடிர்’ இரண்டு வேலைகளில் ஒரே நேரத்தில் ஓடி ‘ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று விழும். ‘-பி’ சேருங்கள், ஃபோல்டரையும் அதே செங்குத்துக் கோட்டுக்கு வலப்பக்கம் போடுங்கள்.

ஒரே செய்முறையில் இரண்டு கோப்பு. தம்பியின் புதிரில் மீதிப் பாதி இது. பைசன் (இலக்கண விதிகளிலிருந்து சி நிரல் உண்டாக்கும் கருவி) ஒரே ஓட்டத்தில் ஒரு சி கோப்பும் ஒரு தலைப்பும் தருகிறது. மேக்ஃபைலில் இரண்டு பெயரையும் பக்கத்தில் எழுதி, ஒரு முக்காற்புள்ளி போட்டு, ஒரே விதியாக எழுதியிருந்தார். பார்க்க ஒரு விதி. மேக்குக்கோ அது இரண்டு தனி விதிகள். -ஜே8-இல் பைசன் இரண்டு முறை ஒரே நேரத்தில் ஓடும், ஒன்று எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை மற்றொன்று காலி செய்யும், மூன்றாவதாகக் கம்பைலர் வந்து பாதிக் கோப்பைப் படித்துப் புரியாத இலக்கணப் பிழை சொல்லும். அந்தப் பிழையைத் தேடி அவர் பைசன் கோப்பை இரண்டு நாள் படித்திருக்கிறார்! மேக் 4.3-இலிருந்து, அதாவது 2020-இலிருந்து, முக்காற்புள்ளிக்கு முன்னால் ஓர் ‘அண்ட்’ குறி போட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே வேலை என்று மேக் எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு குறியில் சரியாகிவிட்டது. பழைய மேக் என்றால், விழுக்காட்டுக் குறி வைத்த மாதிரி விதியாக எழுதுங்கள். அதில் பல இலக்கு இருந்தாலும் ஒரே முறைதான் ஓடும்.

தற்காலிகக் கோப்புக்கு எல்லா விதிகளிலும் ஒரே பெயர். இது சொல்லவே வேண்டாம். பெயரில் இலக்கின் பெயரையும் சேருங்கள்.

அப்புறம், மேக்ஃபைலின் தலையில் ‘.டெலீட்_ஆன்_எரர்’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். செய்முறை பாதியில் விழுந்தால் அரைகுறைக் கோப்பை மேக் அழித்துவிடும். இல்லையென்றால் அடுத்த ஓட்டத்தில் அது முழுக் கோப்பு என்று நம்பி, ‘ஃபைல் ஃபார்மட் நாட் ரெககனைஸ்ட்’ என்று லிங்கர் புலம்பும்.

யாரோ எழுதிய பழைய மேக்ஃபைல், தொடவே பயமாக இருக்கிறது என்றால், அந்த ஒரு ஃபோல்டரின் மேக்ஃபைலில் மட்டும் ‘.நாட்பேரலல்’ எழுதிக்கொள்ளலாம். மற்ற ஃபோல்டர்கள் இணையாகவே ஓடும். 4.4-இல் ‘.வெயிட்’ என்பதும் வந்திருக்கிறது, சார்புப் பட்டியலின் நடுவே போட்டால் இடப்பக்கம் முடியும் வரை வலப்பக்கம் காத்திருக்கும்.

‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ அல்லது ‘பெர்மிஷன் டினைட்’, அழிக்கும்போதோ பெயர் மாற்றும்போதோ

யூனிக்ஸில் ஒருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பை இன்னொருவர் அழிக்கலாம். விண்டோஸ் அதில் கறார். புதிதாகப் பிறந்த இஎக்ஸ்இ கோப்பை ஆன்ட்டி வைரஸ் உடனே திறந்து பார்க்கும். அதே கணத்தில் ‘ஸ்ட்ரிப்’ அதை மாற்ற வந்தால் இந்தப் பிழை. அரை நொடி கழித்து ஓட்டினால் வராது. ‘கன்ஃபிகர்’ ஓடும்போதும் இப்படியே வரும்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியு பக்கத்துக்குப் போய், ‘அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்’ பெட்டியில் கோப்பின் பெயரைத் தேடுங்கள். சில நேரம் ஆன்ட்டி வைரஸ் இருக்காது, முந்தைய ஓட்டத்தில் நிற்காமல் போன நம் சோதனை நிரலே இருக்கும். பில்ட் ஃபோல்டரை இணையச் சேமிப்போடு தானாக ஒத்திசையும் இடத்தில் வைக்காதீர்கள், அதுவும் கோப்புகளைப் பிடித்துக்கொள்ளும்.

‘அவுட் ஆஃப் மெமரி’, ஆனால் டாஸ்க் மேனேஜரில் ரேம் மிச்சம் இருக்கிறது

ஒரு நிரல் கேட்கும் நினைவகத்துக்கு ரேமிலும் பேஜ் ஃபைலிலும் சேர்த்து இடம் இருக்கிறதா என்று விண்டோஸ் முன்கூட்டியே பார்த்துவிடும். லினக்ஸ் போலக் கடன் கொடுக்காது. எஸ்எஸ்டி தேயும் என்று பேஜ் ஃபைலை அணைத்து வைப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். அதை மறுபடி விண்டோஸின் பொறுப்பிலேயே விடுங்கள்.

வேலை எண்ணிக்கையைக் கோர் கணக்கில் மட்டும் போடாதீர்கள். டெம்ப்ளேட் நிறைந்த சி++ கோப்பு ஒன்றைக் கம்பைல் செய்யவே ஒரு ஜிபிக்கு மேல் கேட்கலாம். 8 ஜிபி கணினியில் அப்படிப்பட்ட நிரலுக்கு நான் -ஜே4-க்கு மேல் போவதில்லை.

‘ஜாப்சர்வர் அனவைலபிள்: யூசிங் -ஜே1’

ஜாப்சர்வர் என்பது வெளி மேக்கும் அது அழைக்கும் உள் மேக்கும் வேலை எண்ணிக்கையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. உள்ளே மேக்கை அழைக்கும் இடத்தில் வெறும் ‘மேக்’ என்று எழுதியிருக்கிறார்கள். டாலர் குறியும் அடைப்பும் போட்டுப் பெரிய எழுத்தில் மாறியாக எழுதுங்கள். அப்படி எழுதியும் வந்தால், வெளியே சிக்வின் மேக், உள்ளே விண்டோஸுக்கான வேறொரு மேக் என்று கலந்திருக்கிறதா பாருங்கள். ஒன்றின் ஜாப்சர்வரை மற்றொன்றால் புரிந்துகொள்ள முடியாது. உள் மேக்குக்கும் -ஜே8 என்று கையால் எழுதியிருந்தால் அதை நீக்குங்கள், எட்டு எட்டாகப் பெருகிவிடும்.

பிழையே இல்லை, நின்றுவிட்டது

முதலில் ஏதாவது ஒரு கட்டளை "மேலெழுதவா?" என்று கேள்வி கேட்டுக் காத்திருக்கிறதா என்று பாருங்கள். இணையாக ஓடும்போது விசைப்பலகை உள்ளீடு ஒரே ஒரு வேலைக்குத்தான் கிடைக்கும். இன்னொரு சன்னலில் ‘பிஎஸ் -ஈஎஃப்’ போட்டு எந்த நிரல் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால், சிக்வினைப் புதுப்பித்துவிட்டுப் பாருங்கள்.

‘கிளாக் ஸ்க்யூ டிடெக்டட்’

கரன்ட் போய் வந்த பிறகு கணினியின் தேதி சரியாக இருக்கிறதா? மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும், நேற்று எழுதிய கோப்புகள் எல்லாம் எதிர்காலத்துக் கோப்புகளாகத் தெரியும். பென் டிரைவில் பில்ட் செய்வதும் வேண்டாம். ஃபாட்32 மாற்ற நேரத்தை 2 நொடிக் கணக்கில்தான் குறிக்கும். எட்டு வேலை ஓடும்போது அந்த 2 நொடிக்குள் நிறைய நடந்துவிடும்.

‘இன்டர்னல் கம்பைலர் எரர்’, ஒவ்வொரு முறையும் வேறு கோப்பில்

ஒரே கோப்பில் ஒரே வரியில் வந்தால் அது கம்பைலரின் பிழை. இடம் மாறி மாறி வந்து, ‘தி பக் இஸ் நாட் ரீப்ரொட்யூசிபிள்’ என்று ஜிசிசியே சொன்னால், வன்பொருளைப் பாருங்கள். எட்டு கோரும் முழுவீச்சில் ஓடும்போது கணினி கொதிக்கிறது. கத்திரி வெயிலில் நம் ஊரில் மதியம் 40 டிகிரியைத் தாண்டும், அஸ்பெஸ்டாஸ் கூரை அறை என்றால் இன்னும் மோசம். ஹீட் சிங்க்கில் அடைந்த தூசியைத் தட்டி, பேஸ்ட்டை மாற்றுங்கள். அப்புறம் இரவு முழுக்க ரேம் சோதனை ஓட விடுங்கள்.

-ஜே1-இலும் வருபவை

‘மல்டிபிள் டார்கெட் பேட்டர்ன்ஸ்’ என்றால் சார்புக் கோப்பில் ‘சி:’ என்று தொடங்கும் விண்டோஸ் பாதை இருக்கிறது, சிக்பாத் கொண்டு மாற்றுங்கள். ஷெல் செய்தியில் ‘\ஆர்’ தெரிந்தால் வரி முடிவு விண்டோஸ் வகையில் இருக்கிறது, ‘டிஓஎஸ்2யூனிக்ஸ்’ ஓட்டுங்கள்.

இவ்வளவும் பார்த்து இன்னும் விழுகிறது என்றால், ‘சிக்செக் -எஸ் -வி -ஆர்’ வெளியீடு, மேக்கின் பதிப்பு, -ஜே1 பதிவு ஒன்று, விழுந்த -ஜே8 பதிவு மூன்று, இவற்றைச் சேர்த்து உதவி கேளுங்கள். சிக்செக் வெளியீட்டில் பயனர் பெயரும் சூழல் மாறிகளும் இருக்கும். அனுப்பும் முன் அதில் கடவுச்சொல் ஏதும் இல்லையே என்று ஒரு முறை கண்ணால் படித்துவிடுங்கள்.